விண்வெளிப் பாக்டீரியா: தவறாக விரிக்கப்படும் ஒரு தொகை

ஹைதராபாத்தில் சைனிக்புரியை அடுத்த ஈ.சி.ஐ.எல். பகுதியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் ஏவுதளம் பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. 2022 டிசம்பர் 7 அன்று அத்தளத்திலிருந்து ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றின் சோதனைக் கலம் பலூனில் ஏற்றி அனுப்பப்பட்டது. சில மணிநேரத்தில் அது விக்காராபாத் மாவட்டம் மொகிலிகுண்டலா ஊரின் வயலில் வந்திறங்கியது. என்னவென்று அறியாத ஊரார் திரண்டனர். விண்ணிலிருந்து விழுந்த மர்மப் பொருள் என்று படங்கள் பரவின. பக்கத்து நகரத்திலிருந்து மேலே போன பொருள், கீழே இறங்கும்போது ‘வானத்திலிருந்து வந்த’ பொருளாகிவிட்டது.

ஊரார் கொண்ட மயக்கம் சில மணிநேர மயக்கம். விவரம் தெரிந்ததும் தீர்ந்தது. ஆனால் அதே ஏவுதளத்திலிருந்து 2005-இல் எழுந்த வேறொரு பலூன் கொண்டுவந்த நுண்ணுயிர்களைப் பற்றியும், பின்னர் விண்கலங்களின் பரப்புகளில் கண்டெடுக்கப்பட்ட பாக்டீரியாக்களைப் பற்றியும் தமிழில் எழுதப்படுவனவற்றில் அதே மயக்கம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராமல் நிற்கிறது. எழுதுவோர் படித்தவர்கள், பகிர்வோருள் பேராசிரியர்களும் உளர். ஆகவே இதனை அறியாமை என்று கடந்துபோக இயலாது. இது சோம்பல். மொழியைக் கையாள்வதில் காட்டப்படும் சோம்பல், அறிவியலைப் புரிந்துகொள்வதில் பிழையாகி நிற்கிறது.

1. உருபு மறைந்தால் உண்மையும் மறையும்

‘விண்வெளிப் பாக்டீரியா’ என்பது ஒரு வேற்றுமைத்தொகை. உருபு தொக்கு நிற்பதால் விரித்தாலன்றிப் பொருள் தெளியாது. ‘விண்வெளியின்கண் காணப்பட்ட பாக்டீரியா’ என்று விரித்தால் அது ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். ‘விண்வெளியினின்று வந்த பாக்டீரியா’ என்று விரித்தால் அது ஐந்தாம் வேற்றுமை, நீங்கற்பொருள். முன்னது ஆய்வகத்தில் சரிபார்க்கத்தக்க ஓர் அவதானிப்பு. பின்னது உயிரின் தோற்றம் குறித்த மாபெரும் கோட்பாடு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க எத்தனையோ சான்றுகள் வேண்டும். தலைப்பு எழுதுவோர் அத்தொலைவை உருபு ஒன்றை மறைத்தே கடந்துவிடுகின்றனர்.

தொகைகள் இவ்வாறு மயங்கும் என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. தொக்கு நின்று மயங்குவன இரண்டு முதல் ஏழு வரை பொருள்படும் என்று நன்னூல் வகுத்துள்ளது. ‘இல்’ என்னும் உருபு ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் பொதுவாய் நிற்பதையும் அந்நூலே காட்டுகிறது. இடமும் நீங்கலும் ஒரே உருபில் கலக்கக்கூடும் என்று எச்சரிக்கை பெற்ற மொழி இது. இந்த எச்சரிக்கையைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியவர்களே ‘விண்வெளியில் கிடைத்த பாக்டீரியா’ என்பதை ‘விண்வெளியிலிருந்து வந்த பாக்டீரியா’ என்று கூசாமல் மாற்றி எழுதுகின்றனர்.

2. ஹைதராபாத் பலூன் உண்மையில் சொன்னது

2005 ஏப்ரல் 20 அன்று ஹைதராபாத் ஏவுதளத்திலிருந்து 459 கிலோ எடையுள்ள கருவித் தொகுதியுடன் ஒரு பெரிய பலூன் எழுந்தது. அக்கருவியில், உள்ளே காற்று அகற்றப்பட்டு, கிருமிநீக்கம் செய்யப்பட்ட 16 எஃகுக் குழாய்கள் இருந்தன. திரவ நியானால் குளிரூட்டப்பட்ட அக்குழாய்கள் 20 கிலோமீட்டர் முதல் 41 கிலோமீட்டர் வரையிலான உயரங்களில் காற்றைச் சேகரித்தன. வான்குடையின் துணையால் தரையிறங்கிய அக்குழாய்களின் உள்ளடக்கத்தை ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் புணேயின் தேசிய உயிரணு அறிவியல் மையமும் தனித்தனியே ஆராய்ந்தன. 12 பாக்டீரியாக் குழுமங்களும் 6 பூஞ்சைக் குழுமங்களும் வளர்ந்தன. அவற்றுள் மூன்று பாக்டீரியாக்கள் அதுவரை விவரிக்கப்படாத சிற்றினங்கள் என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. வானியலாளர் பிரெட் ஹாயில் நினைவாக ஜானிபாக்டர் ஹாய்லி, இஸ்ரோவின் பெயரால் பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், ஆரியபட்டரின் பெயரால் பேசில்லஸ் ஆரியபட்டை என்று அவை பெயர் பெற்றன. தம் நெருங்கிய உறவினங்களைக் காட்டிலும் இவை புற ஊதாக் கதிரை மிகுதியாகத் தாங்கின.

அறிவியலாளர் எழுதிய சொற்களை இங்கே கவனித்தல் வேண்டும். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு ‘விண்வெளி உயிர்கள்’ என்று முழங்கவில்லை. மேல்வளிமண்டலக் காற்றைச் சேகரிக்கப் பயன்பட்ட குளிர்குழாய்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை என்ற அளவிலேயே அத்தலைப்பு நின்றது. எங்கிருந்து பிரித்தெடுத்தார்களோ அந்த இடத்துக்கு மட்டுமே நீங்கல் உருபு கொடுத்தார்கள். ஜயந்த் நார்லிகரை முதன்மை ஆய்வாளராகக் கொண்ட அக்குழுவின் பணியை அறிவித்த இஸ்ரோவும், இவ்வுயிர்கள் அடுக்கு மண்டலத்தில் சேகரிக்கப்பட்டவை என்னும் நம்பிக்கையைத் தெரிவித்ததோடு, புவிக்கு அப்பாற்பட்ட தோற்றத்தை இவ்வாய்வு முடிவாக நிறுவவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. செய்தி தமிழுக்கு வரும்போது முதற்பாதி பெருகிற்று, மறுபாதி உதிர்ந்தது.

அதன் பின் நடந்தவை அதனினும் சுவையானவை. பேசில்லஸ் ஆரியபட்டை பல நாடுகளில் விளைநிலத்து மண்ணிலும் பயிர்களின் வேர்களை ஒட்டியும் கிடைத்தது. பயிர் வளர்ச்சிக்கு உதவும் பாக்டீரியாவாக அது இன்று ஆராயப்படுகிறது. அது தனிச் சிற்றினமே அன்று, நெடுங்காலமாக அறியப்பட்ட பேசில்லஸ் மெகாடேரியமே என்று 2019-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ் 2016-இல் சொலிபேசில்லஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. ‘சோலும்’ என்பது இலத்தீனில் மண். சொலிபேசில்லஸ் என்றால் மண்ணில் வாழும் கோல்வடிவ நுண்ணுயிர். அப்பேரினத்தின் முதல் சிற்றினம் காட்டு மண்ணில் கிடைத்தது. வானத்தில் பிடிபட்டதாகக் கொண்டாடப்பட்ட உயிரின் பெயருக்குள்ளேயே இப்போது மண் இருக்கிறது. பெயரைப் பகிர்ந்தவர்கள் பெயரின் பொருளைத் திறந்து பார்க்கவில்லை.

3. பெருமிதம் என்னும் திரை

2017-இல் அதே சொலிபேசில்லஸ் பேரினத்தில் இன்னொரு சிற்றினம் விவரிக்கப்பட்டது: சொலிபேசில்லஸ் கலாமி. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கஸ்தூரி வெங்கடேஸ்வரனின் குழு இதனைக் கண்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 40 மாதங்கள் இயங்கிய காற்று வடிகட்டி ஒன்றில் அது இருந்தது. கலாமின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தமிழ்கூறு நல்லுலகம் மகிழ்ந்தது, மகிழ்ந்ததில் பிழையில்லை.

ஆயினும் கொண்டாட்டத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. காற்று வடிகட்டியின் பணி யாது? நிலையத்துக்குள் மனிதர் உதிர்க்கும் தோல் துகளையும் தூசியையும் நுண்ணுயிரையும் பிடித்துவைப்பது. அதில் சிக்கிய மண்பாக்டீரியா எங்கிருந்து ஏறியிருக்கும்? சரக்கோடும் உடையோடும் உடலோடும் புவியிலிருந்துதான். ‘விண்வெளியில் புதிய பாக்டீரியா’ என்ற தொடரில் ‘புதிய’ என்பது அறிவியலுக்குப் புதியது என்று பொருள்படும். அதுவரை எவரும் விவரித்துப் பெயரிடாதது என்பதற்குமேல் அச்சொல்லுக்குப் பொருளில்லை. விண்வெளியில் புதிதாகப் பிறந்தது என்றோ விண்வெளியின் உயிர் என்றோ அது ஆகாது. புவியின் ஒரு பிடி மண்ணில் பெயரில்லாத சிற்றினங்கள் எத்தனையோ உள; தேடிய இடத்தில் கிடைக்கின்றன. விண்வெளி நிலையத்தில் மிகக் கவனமாகத் தேடுகின்றனர், அங்கே கிடைக்கின்றன.

2019-இல் நிலையத்தின் பரப்புகளில் கிடைத்த மற்றொரு பாக்டீரியாவுக்குக் கலாமியெல்லா பியர்சோனி என்று பேரினமாகவே கலாமின் பெயர் வைக்கப்பட்டது. பின்னர் அது பான்டோயா பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டது. பெயர் மாற்றத்தால் கலாமின் மதிப்புக் குறையவில்லை; வகைப்பாட்டியல் அப்படித்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் பெயர் சூட்டப்பட்ட நாளில் எழுதப்பட்ட பெருமிதப் பதிவுகளுள் எத்தனை, மாற்றத்தைப் பற்றியும் எழுதின? 2021-இல் விவரிக்கப்பட்ட மெத்திலோபாக்டீரியம் அஜ்மலி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் அறிஞர் அஜ்மல் கான் பெயரைத் தாங்கியது. ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற அவ்வாய்வு, செடி வளர்ச்சிக்கு உதவக்கூடிய மரபணுக்களை அதில் சுட்டியது. செய்திகளில் அது செவ்வாயில் வேளாண்மை செய்யும் பாக்டீரியா ஆயிற்று. ‘கூடும்’ என்னும் ஒரு வினை, ‘செய்யும்’ என்னும் மற்றொரு வினையாக மாறுவதற்கு ஓர் இரவு போதுமாயிருக்கிறது.

4. இடர்தாங்கும் உயிரை வளர்ப்பது யார்?

உருபு மயக்கத்தால் மறைவது தோற்றம் மட்டுமன்று, காரணமும் மறைகிறது.

விண்கலங்கள் கட்டப்படும் தூய அறைகளில் காற்று வடிகட்டப்படுகிறது. தரை வேதிப்பொருள்களால் துடைக்கப்படுகிறது. ஈரமும் ஊட்டமும் மிகக் குறைவாக வைக்கப்படுகின்றன. பாகங்கள் உலர்வெப்பத்துக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவிக்கும் உட்படுகின்றன. பெரும்பாலான உயிர்கள் மடிகின்றன. எஞ்சுபவை எவை? ஸ்போர் என்னும் உறங்குநிலை உறைக்குள் புகத்தெரிந்தவை. அவ்வுறைக்குள் நீரைக் குறைத்து, கால்சியத்தோடு சேர்ந்த டைபிக்கோலினிக் அமிலத்தால் உள்ளகத்தை நிரப்பி, சிறுபுரதங்களால் டி.என்.ஏ.வைப் போர்த்திக்கொள்பவை, சிதைந்த டி.என்.ஏ.வை விரைந்து செப்பனிடுபவை. துப்புரவு வேதிப்பொருளின் எச்சத்தையே உணவாக்கிக்கொள்பவை. தூய்மை அங்கே ஒரு சல்லடை. சல்லடையைச் செய்தவர் மனிதர். அதில் தங்கியதைக் கண்டு வியப்பவரும் மனிதர்.

ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் விண்கலம் பொருத்தும் கூடத்தில் கிடைத்த பேசில்லஸ் புமிலஸ் வகையின் ஸ்போர்கள், ஆய்வகங்களில் வழக்கமாகச் சோதிக்கப்படும் பேசில்லஸ் சப்டிலிஸின் ஸ்போர்களைவிடப் புற ஊதாக் கதிரையும் பெராக்சைடையும் மிகுதியாகத் தாங்கின. பீனிக்ஸ் செவ்வாய்க் கலத்துக்காக 2007-இல் புளோரிடாவில் இருந்த தூய அறையிலும், சுமார் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் பிரெஞ்சு கயானாவில் உள்ள மற்றொரு தூய அறையிலும் ஒரே பாக்டீரியா கிடைத்தது. 2013-இல் அதற்குத் தெர்சிகாக்கஸ் பீனிசிஸ் என்று பெயரிட்டனர். ‘தெர்சுஸ்’ என்றால் தூய்மையானது. தூய இடத்தில் வாழும் உருண்டை என்பது பேரினப் பெயரின் பொருள். அது ஸ்போர் உருவாக்காதது. விண்கலத்தின் நுண்ணுயிர்ச் சுமையை அளக்கும் வழக்கமான முறையோ, மாதிரியை 80 பாகை செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கி, பிழைத்து வளரும் ஸ்போர்களை எண்ணுவது. எண்ணும் முறையே சில உயிர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது என்பது இதனால் விளங்கும். பீனிக்ஸ் அறைகளில் அன்று சேகரித்த மாதிரிகளிலிருந்து 26 புதிய சிற்றினங்கள் இருப்பதாக 2025-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒரே கலம், பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் பெயரிடும் பணி முடியவில்லை.

‘எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியா’ என்று எழுதுவதும் சற்றே திசைதிருப்புவது. எதிர்த்தலில் போரும் பகையும் தொனிக்கின்றன. இவை எதனோடும் போரிடவில்லை. தாங்குகின்றன, உறங்குகின்றன, காத்திருக்கின்றன. ‘இடர்தாங்கும்’ என்னும் சொல் மெய்ம்மைக்கு நெருக்கமானது. ‘அழிக்கவே முடியாத’ என்பதோ வெறும் பொய். பேசில்லஸ் சப்டிலிஸ் ஸ்போர்கள் விண்வெளியில் ஏறத்தாழ ஆறாண்டுகள் வைக்கப்பட்ட சோதனையில் பிழைத்தவை, சூரியப் புற ஊதாக் கதிரிலிருந்து மறைப்புப் பெற்றவையே. நேர்க்கதிரில் அவையும் மடியும்.

5. இது சொற்பூசல் என்பாருக்கு

‘தலைப்பில் ஓர் உருபு மாறினால் என்ன குடி மூழ்கிவிடும்?’ என்பார் உளர். மூழ்குவதைச் சொல்லலாம்.

விண்கலப் பரப்பில் வாழும் உயிர் விண்ணிலிருந்து வந்தது என்று ஒரு சமூகம் நம்பினால், அதைக் கொண்டுபோனவர் யார் என்ற கேள்வி எழவே எழாது. 1967-இன் விண்வெளி உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, பிற விண்பொருள்களைத் தீங்குவிளைக்கும் வகையில் மாசுபடுத்தலாகாது என்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. செவ்வாயில் உயிரைத் தேடப் போகும் கலம் சைனிக்புரி மண்ணையோ ஸ்ரீஹரிகோட்டா மண்ணையோ உடன் கொண்டுபோய், அதையே அங்கே ‘கண்டுபிடித்து’த் திரும்புமாயின் அதனினும் பெரிய அவமானம் அறிவியலுக்கு இல்லை. இது கற்பனை அன்று. 1967-இல் நிலவில் இறங்கிய சர்வேயர் 3 கலத்தின் ஒளிப்படக் கருவியை 1969-இல் அப்பல்லோ 12 வீரர்கள் திரும்பக் கொணர்ந்தனர். அதற்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் என்னும், மனித வாயில் வாழும் பாக்டீரியா கிடைத்தது. நிலவில் இரண்டரை ஆண்டுகள் உயிர்பிழைத்த பாக்டீரியா என்று அது பல பத்தாண்டுகள் பாடநூல்களிலும் மேடைகளிலும் உலவியது. ஆய்வகத்தில் கருவியைக் கையாண்ட பழைய படச்சுருளை மீளப் பார்த்தவர்கள், மாசு புவியில் திரும்பிவந்தபின் புகுந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று 2011-இல் வாதிட்டனர். ‘நிலவில்’ என்ற ஓர் இடவேற்றுமை நாற்பதாண்டுகள் ஐயமின்றி நின்றது.

இரண்டாவது, உயிர்ச்சேதம் தொடர்பானது. விண்வெளி நிலையத்தின் கழிப்பறையிலும் உடற்பயிற்சி மேடையிலும் 2015-இல் எடுத்த மாதிரிகளில் என்டரோபாக்டர் புகண்டென்சிஸ் இருந்தது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத அதன் 13 வகைகளை ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினரும் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்த்திக் ராமன் குழுவினரும் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டனர். அப்பெயர் எங்கிருந்து வந்தது? தான்சானியாவின் முவான்சா நகரில் உள்ள புகாண்டோ மருத்துவமனையிலிருந்து. பச்சிளங்குழந்தைகளின் குருதியில் முதன்முதல் கண்டறியப்பட்ட கிருமி அது. முவான்சாவின் பிள்ளைகளிடத்தும் புவியைச் சுற்றும் நிலையத்திலும் அது வாழ்கிறதெனில், அது ஏறிச்செல்லும் ஊர்தி மனித உடல். அதனை ‘விண்வெளி சூப்பர்கிருமி’ என்று எழுதுவோர், மருத்துவமனையிலிருந்து தொடங்கும் ஒரு கதையை விண்ணிலிருந்து தொடங்குவதாக மாற்றுகின்றனர். அதனால் மருந்துகளின் தவறான பயன்பாடு பற்றிய பேச்சே எழாமல் போகிறது.

‘புவிக்கு வெளியிலிருந்து உயிர் வந்திருக்கலாம் என்ற கருதுகோளையே ஏளனம் செய்வதா?’ என்பது அடுத்த வினா. இல்லை. ஹாயிலும் இலங்கையில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும் முன்வைத்த கருதுகோள் சோதிக்கத்தக்கது. சோதிக்கத்தக்கது என்பதாலேயே ஹைதராபாத்தில் பலூன் எழுந்தது; குழாய்கள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன; இரு ஆய்வகங்கள் தனித்தனியே பார்த்தன. ஐந்தாம் வேற்றுமைக்குச் சான்று தேடி, கிடைத்த அளவுக்கு ஏழாம் வேற்றுமையோடு நின்ற அந்த அடக்கம்தான் அவ்வாய்வின் பெருமை. அவ்வடக்கத்தைக் களைந்துவிட்டு அவ்வாய்வைப் புகழ்வது புகழ்ச்சி ஆகாது.

‘எளிய மொழியில் சொல்லவேண்டாமா?’ என்பது கடைசி வினா. வேண்டும். ‘மனிதர் கொண்டுபோன பாக்டீரியா விண்வெளி நிலையத்தில் பிழைத்திருக்கிறது’ என்பது எளிய தமிழ்தான். எட்டாம் வகுப்பு மாணவிக்கும் விளங்கும். ‘வேற்றுக்கிரக’ என்னும் சொல்லைவிட அதில் வியப்பும் மிகுதி.

6. செய்யவேண்டுவன

இந்தியா 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் கலம் இறக்கியது. ககன்யானில் மனிதரை அனுப்ப ஆயத்தமாகிறது. 2035-க்குள் பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தை நிறுவத் திட்டமிட்டுள்ளது. இனி விண்கலப் பரப்பின் பாக்டீரியா அயல்நாட்டுச் செய்தி அன்று, உள்நாட்டுப் பொறுப்பு. கலங்கள் பொருத்தப்படும் கூடங்களில் எவ்வெவ்வுயிர்கள் வாழ்கின்றன, எவை எந்தத் துப்புரவைத் தாங்குகின்றன என்னும் பட்டியல் ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்கப்படல் வேண்டும். நுண்ணுயிரியல் துறைகள் உள்ள பல்கலைக்கழகங்கள் அப்பணியில் பங்கு கேட்டல் வேண்டும். 2005-இல் ஹைதராபாத் பலூனால் இயன்றது இன்று இயலாதது அன்று.

மொழித்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. அறிவியல் தமிழ் என்றால் கலைச்சொற் பட்டியல் தொகுப்பது மட்டுமே என்று பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. கலைச்சொல் சரியாயிருந்து உருபு பிழையானால் வாக்கியம் முழுதும் பொய்யாகும். வேற்றுமை மயக்கமும் தொகைவிரியும் இலக்கண வகுப்பில் பழம்பாடல்களுக்கு மட்டும் பயன்படுவானேன்? அடுத்த முறை வகுப்பறையில் தொகைநிலை நடத்தும்போது, அன்றைய செய்தித்தாளிலிருந்து ‘விண்வெளிப் பாக்டீரியா’ என்ற தலைப்பை எடுத்துக் கரும்பலகையில் எழுதி, இதனை விரித்துக் காட்டுக என்று மாணவரிடம் கேட்டால் போதும். நுண்ணுயிரியல் வகுப்பில் அதே தலைப்பை எழுதி, இதற்குச் சான்று எங்கே என்று கேட்டால் போதும். இரு வகுப்புகளிலும் வரும் விடை ஒன்றாகவே இருக்கும்.